பக்கத்து டெஸ்க்காரி வைத்த பெயர்

பிள்ளைகளா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவெல்லாம் கிட்டத்தட்ட என் வயசுக்காரர்கள். என்னைப்போலச் சின்னதிலேயே பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கியவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். அவர்களும் படித்தால் படிக்கட்டும். எனக்குத் தமிழ்ப் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்கப்புறம் அம்மா ஊரிலிருந்து வரவழைத்த வாரப் பத்திரிகைகள்தான் பள்ளிக்கூடம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது ஒரு பள்ளிக்கூட வருஷத்தில் பாதி. ஆகஸ்டில் ஆரம்பித்துக் கிறிஸ்மஸ் லீவில் முடிந்துபோனது. தொண்ணூறுகளின் நடுவில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், எண்ணெய் ஆலைகள் இருக்கிற பக்கம். காற்றடித்தால் அழுகின முட்டை வாசனை வரும். வந்த புதிதில் அம்மா தினமும் சமையலறையில் குப்பைக்கூடையைக் கழுவுவாள். நாற்றம் வெளியிலிருந்து வருகிறது என்று தெரிய ஒரு மாசம் ஆனது.

அப்பா வெல்டர். திருவெறும்பூரில் பாய்லர் குழாய்களுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரை, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே குழாய் வேலை நடக்கிற ஒரு யார்டில் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். அவர் பெரிய எஞ்சினியர், கேட்டி என்கிற வசதியான புறநகரில் வீடு. எனக்கு அவர் அங்கிள். அப்பாவுக்கு அவரைவிட இரண்டு வயசுதான் குறைவு, ஆனாலும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். போனில் பேசினாலும் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இருமொழி வகுப்பு வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று இரண்டு கட்டம். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நமக்கு வீட்ல தமிழ், இங்க இங்கிலீஷ். ரெண்டு மொழிதானே?" என்று சொல்லி ஆம் என்ற கட்டத்தில் பெருமையாக ஒரு டிக் போட்டார். ஆஃபீஸில் இருந்த அம்மாள் டிக்கைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் என் நிறம். டீச்சரும் என் நிறம். எனக்குப் பயம் பாதி இறங்கிவிட்டது. அவர்கள் பேசியது ஒன்றும் புரியவில்லை. அமெரிக்க இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஸ்பானிஷ் என்று எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது. டீச்சருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆஃபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். வேறு வகுப்பில் இடம் வரட்டும், அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

என் பக்கத்து டெஸ்க்கில் ஒரு பெண். இரட்டைச் சடை, கடித்துக் கடித்து நார் நாராகிப்போன பென்சில். அவள் பையில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும். புளியையும் மிளகாய்ப்பொடியையும் சீனியையும் சேர்த்து உருட்டியது. முதல் தடவை அதை வாயில் போட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் என்று அவள் நினைத்தாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, வீட்டுக்கு வெளியே என் நாக்குக்குத் தெரிந்த ருசி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவாள். புத்தகத்தில் இருக்கிற சொற்கள் இல்லை, அவள் வீட்டில் அடுப்படியில் புழங்குகிற சொற்கள். கூட்டல் கணக்குக்கே தலையை டெஸ்க்கில் சாய்த்துக்கொள்பவன் ஃப்ளோஹோ, சோம்பேறி. அடுத்தவர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவள் மெத்தீச்சே. எங்கள் ஊரில் மூக்கை நுழைப்பவள் என்போமே, அது. பென்சில் உடைந்தாலே அழுகிறவன் யோரோன், அழுமூஞ்சி. ஒன்றும் தெரியாததுபோல் இருந்து எல்லாம் செய்கிறவனுக்கு மோஸ்கா முவெர்த்தா, அதாவது செத்த ஈ. நம்ம ஊமைக்குசும்பன்தான். கோதோ என்றால் முழங்கை. கஞ்சனை அப்படிச் சொல்வார்கள். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், முழங்கையைத் தட்டிக் காட்டினால் போதும். நல்லவர் ஒருவரை புவேனா ஹெந்தே என்பார்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் சொல் 'நல்ல சனங்கள்' என்று வரும். டீச்சருக்கு அவள் வைத்திருந்தது அதுதான்.

அவள் மாமா ஒருவர் கூரை போடும் வேலை செய்தார். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை ஆட்களாம். எந்த்ரோன், துணிந்து உள்ளே போகிறவன். ரஹோன், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, வேளை வரும்போது பின்வாங்குகிறவன். ரஹா என்றால் விரிசல் என்று டெஸ்க்கில் இருந்த ஒரு கீறலைக் காட்டினாள். மற்றச் சொல் எதைச் சொன்னாலும் பையன்கள் சிரிப்பார்கள். ரஹோன் என்று சொன்னால் மட்டும் சண்டை வரும்.

வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது, என்னைத் தவிர. கேட்டால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்த வருஷம் முழுக்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் வாயால் ஒரு சொல் கிடைத்துவிட்டால் நான் அந்த வகுப்புக்காரன். அதுவரை விருந்தாளி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பாள். "இன்னிக்கு என்ன இங்கிலீஷ்டா சொல்லிக்குடுத்தாங்க?" நான் அன்றைக்குக் கிடைத்த சொல்லைச் சொல்வேன். அம்மா மாவுக் கையைத் துடைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அதைத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே அர்த்தமும் எழுதி, ஃபிரிஜ்ஜில் காந்தத்தால் ஒட்டுவாள். ஃப்ளோஹோ, சோம்பேறி. யோரோன், அழுமூஞ்சி. அங்கிள் வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரில் பாதிதான் இருக்கும். அவர் வேனில் திரும்பி வரும்போது பின்சீட்டில் அம்மா எனக்கு மட்டும் தெரியும்படி முழங்கையைத் தட்டுவாள். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் அம்மா அவ்வளவு குறும்புக்காரி என்று அந்த மூன்று மாசத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ரஹோனுக்குத் தமிழில் என்ன என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் யோசித்தோம். கடைசியில் அம்மா, "கழண்டுக்கிறவன்" என்று எழுதினாள்.

அம்மா படிப்பது இங்கிலீஷ் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு போய்விடும்.

அக்டோபரில் பெற்றோர் வந்து டீச்சரைப் பார்க்கிற நாள் வந்தது. அப்பா யார்டிலிருந்து நேராக வந்தார். பொறி விழுந்து விழுந்து சட்டைக் கை சல்லடையாக இருந்தது. குட்டிப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் முழங்காலைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் அவருக்காக இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். வகுப்பில் தினமும் ஒரு மணி நேரம் இங்கிலீஷும் உண்டு என்பதால் எனக்குப் புரிந்தது. பையன் கெட்டிக்காரன். ஆனால் இது ஸ்பானிஷ் வகுப்பு, அவன் இங்கே இருக்க வேண்டியவன் இல்லை. இங்கிலீஷ் புதிதாகக் கற்கிறவர்களின் வகுப்பில் இப்போது ஓர் இடம் காலியாகியிருக்கிறது. மாற்றிவிடட்டுமா?

அப்பாவின் இங்கிலீஷ் யார்டு இங்கிலீஷ். குழாய் அளவும் ஓகே பாஸும்தான். என் பக்கம் திரும்பி, "என்னடா சொல்றாங்க?" என்றார்.

"நல்லா படிக்கிறேனாம். எழுத்துதான் கோழி கிறுக்குன மாதிரி இருக்காம். அழகா எழுதணுமாம்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "டீச்சர்கிட்ட சொல்லு, கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்னு."

நான் டீச்சரிடம், அப்பா என்னை இங்கேயே இருக்கட்டும் என்கிறார் என்றேன்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். அப்பா கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பையன் இதே வகுப்பில் இருக்கச் சம்மதம் என்கிற காகிதத்தை நகர்த்தினார். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அப்போது வேறு கையெழுத்து கிடையாது.

எழுந்து திரும்பினால் கதவருகே, தங்கள் முறை வரட்டும் என்று, பக்கத்து டெஸ்க்காரி தன் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் கேட்டதும் நான் சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் பஸ்ஸில், உன் அப்பா சொன்னது அதுதானா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். புளி மிட்டாயைக் கடித்துப் பாதியைத் தந்தாள். உனக்கு ஒரு சொல் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நல்ல சொல், அவசரப்படாதே என்றாள். எந்த்ரோன்தான், வேறென்ன? அன்று பஸ்ஸிலிருந்து வீடு வரைக்கும் நான் நடக்கவில்லை, ஓடினேன்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வேனில் பேர்லேண்ட் என்கிற ஊரில் இருக்கிற கோயிலுக்குப் போனோம். குளிர் தொடங்கியிருந்தது. ஆன்ட்டி, அதாவது அங்கிளின் மனைவி, தன்னுடைய பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். கோட்டு நன்றாகத்தான் இருந்தது, ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். தரிசனம் முடிந்து எல்லாரும் காகிதத் தட்டில் புளியோதரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மாவுக்கு ஆன்ட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும், அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று ஆசை. வேனில் வரும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க ரொம்ப புவேனா ஹெந்தே" என்றாள்.

ஆன்ட்டி சிரித்தார். "எங்க வீட்ல கிளீன் பண்ண வர்ற லேடி சொல்ற வார்த்தையில்ல இது? உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"பையன்தாங்க்கா. ஸ்கூல்ல இங்கிலீஷ் கிளாஸ்ல படிச்சது."

ஆன்ட்டியின் சிரிப்பு நின்றது. அங்கிளைக் கூப்பிட்டார். அங்கிள் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டீச்சர் எந்த லாங்குவேஜில் பேசுகிறார் என்று கேட்டார். நான் தட்டில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே ஸ்பானிஷ் என்றேன். அங்கிள் எழுந்து அப்பாவிடம் போனார்.

"மூணு மாசமா புள்ளைய மெக்சிகன் கிளாஸ்ல உக்கார வச்சிருக்காங்க, நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க. புல்லு வெட்டவாப்பா அவனைக் கூட்டிட்டு வந்த?"

"எனக்கு யாரும் சொல்லலை சார்" என்றார் அப்பா. அவர் சொன்னது உண்மை. யாரும் சொல்லவில்லைதான்.

அங்கிளைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அந்த ஊரில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவருக்கு ஸ்பானிஷ் என்றால் தோட்டத்துக்கும் குளியலறைக்கும் வருகிற பாஷை, அவ்வளவுதான். அப்பாவோ யார்டில் தினமும் அந்த ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர்கள் கொடுத்த சோள ரொட்டியில் அம்மா போட்ட ஊறுகாயைத் தடவித் தின்கிறவர். அவரும் அன்றைக்குச் சார் முன்னால் அந்த ஆட்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுப் படியேறும்போது அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் எழுதி வச்சதெல்லாம் இங்கிலீஷ் இல்லையாடா?"

நான் வேகமாகப் படியேறினேன். அம்மா உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபிரிஜ்ஜுக்கு முன்னால் நின்று காந்தங்களை எடுத்தாள். தாள்களை அடுக்கி, இரண்டாக மடித்து, குப்பையில் போட்டாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு என்ன படித்தாய் என்று அவள் என்னைக் கேட்டதே இல்லை.

அங்கிள் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் டைப் செய்தார். பெற்றோருக்குத் தெரிவிக்காமல் டீச்சர் பையனை வேறு மொழி வகுப்பில் வைத்துக்கொண்டார், அதுதான் விஷயம். அப்பா அதற்கும் தமிழில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பிரின்சிபால் ரூமில் அங்கிள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா நாற்காலியின் நுனியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. டீச்சர் அக்டோபரில் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துவைத்து, நான் எல்லாவற்றையும் சொன்னேன், பையன் அவன் அப்பாவுக்குச் சொன்னான் என்றார். அங்கிள், கையெழுத்தைப் பாருங்கள், இவர் இதைப் படித்தா போட்டிருப்பார் என்றார்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். டீச்சர் அன்றைக்கு உன் அப்பாவிடம் என்ன சொல்லச் சொன்னார் என்று கேட்டார்.

அடிக்குப் பயந்தேன் என்று எழுதினால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஆனால் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பேச்சு ஒன்றும் புரியாமல், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதால் அவரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையே தன்னை ஏமாற்றியது என்று அவருக்கு இந்தச் சார் முன்னாலா தெரியவேண்டும்? இப்படி இப்போது சொல்கிறேன். அப்போது இவ்வளவெல்லாம் யோசித்தேனா என்று தெரியவில்லை. வாயில் ஏற்கெனவே ஒரு பொய் தயாராக இருந்தது. அதுவே வந்தது.

"அழகா எழுதணும்னு சொன்னாங்க" என்றேன், இங்கிலீஷில். "அது மட்டும்தான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். போர்டில் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு நிற்கிற பிள்ளை மீதியைப் போடும் என்று காத்திருப்பாரே, அதே மாதிரி காத்திருந்தார். நான் சாக்பீஸை வைத்துவிட்டேன் என்று புரிந்ததும் காகிதத்தைத் திரும்ப ஃபைலில் வைத்தார்.

மறுநாள் என்னை வேறு வகுப்பில் உட்கார வைத்தார்கள். கிறிஸ்மஸ் லீவு முடிந்து வந்தபோது அந்த டீச்சர் இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றான் ஒருவன், அனுப்பிவிட்டார்கள் என்றான் இன்னொருவன். எந்தப் பெரியவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வகுப்புக்கு ஸ்பானிஷ் தெரிந்த வேறு டீச்சர் கிடைக்காததால் பிள்ளைகளை மூன்று இங்கிலீஷ் வகுப்புகளில் பிரித்துப் போட்டார்கள். யோரோன் என் வகுப்புக்கு வந்தான். அவன் அழுவதைக்கூட நிறுத்திவிட்டான். பேச்சும் கிடையாது.

ஜனவரியில் ஒரு நாள் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் உன்னிடம் கேட்டார்தானே, நான் கதவுகிட்டே நின்றேனே, எனக்குக் கேட்டதே என்றாள். நான் ஜன்னல் வழியாக ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் எரிகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை. மூன்று ஸ்டாப் வரை காத்திருந்தாள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ரஹோன்" என்றாள்.

திட்டுகிற குரலில் இல்லை. இவன் சோம்பேறி, இவள் மூக்கை நுழைப்பவள் என்று எல்லாருக்கும் சொல்வாளே, அதே குரல். எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். கோடை வருமுன் அவள் வீட்டார் தாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே என்று யாரைக் கேட்பது? எனக்கு அவள் வீட்டு நம்பர்கூடத் தெரியாது.

அந்த வருஷம் ஃபெயிலாகி நான் மூன்றாம் வகுப்பை மறுபடி படித்தேன். ஹைஸ்கூலோடு படிப்பு நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. அப்பா மட்டும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். "அன்னிக்கு சார் மட்டும் இல்லைன்னா என் புள்ள வாழ்க்கையே போயிருக்கும்." எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னார்.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது கவனித்துக்கொண்ட நர்ஸிடம் நான் ஸ்பானிஷில் பேசினேன். அப்பா கண்ணைத் திறந்து, "பாரு, அவங்க பாஷையும் பேசுறான்" என்று அம்மாவிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். நர்ஸ் போன பிறகு ரூமில் நாங்கள் மூன்று பேர்தான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையணையைச் சரிசெய்தேன்.

அம்மா இன்றுவரை இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் போனால் நான்தான் எடுத்துச் சொல்கிறேன். டாக்டர் பேசி முடித்ததும் அம்மா டாக்டரைப் பார்க்க மாட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொல்கிறேன். அவள் நம்புகிறாளா என்று கேட்டதில்லை.

கேட்டியில் வீட்டுக்கு வீடு ஏசி மாட்டுகிற வேலை எனக்கு. எனக்குக் கீழே நாலு பேர், நாலு பேரும் ஸ்பானிஷ்காரர்கள். நான் நன்றாகக் கற்ற பாஷை அது ஒன்றுதான், சோறு போடுவதும் அதுதான். போன வாரம் மேலே பரணில் படுத்துக்கொண்டு குளிர்காற்று வருகிற டக்ட் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே புதிதாகச் சேர்ந்தவர், உங்கள் மேஸ்திரி எப்படிப்பட்ட ஆள் என்று மற்றவர்களைக் கேட்டது ஓட்டை வழியாக மேலே வந்தது.

"புவேனா ஹெந்தே" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

அவர்கள் இப்படிச் சொல்வது முதல் தடவை இல்லை. பரணில் நல்ல சூடு, கண்ணாடி நார் கழுத்தில் அரித்தது. திருகாணியை முடுக்கி முடித்து இறங்கினேன். நான் கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நான் அவர்களைத் திருத்தவில்லை.